இறக்கை சேரவில்லையா? போலந்து பி.11 கிட்டில் வரும் பிழைகளும் தீர்க்கும் வழிகளும்

பி.11 என்பது 1930-களின் போலந்துப் போர் விமானம். அதன் பிளாஸ்டிக் மாடல் கிட் மட்டும் இதுவரை ஏழு கட்டியிருக்கிறேன். நான்கு என்னுடையவை. மற்ற மூன்றும் பாதியில் வெறுத்துப்போய்ப் பெட்டியை மூடிவைத்த நண்பர்களுடையவை. 72-இல் 1, 48-இல் 1, 32-இல் 1 என்று அளவு மாறினாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மாறவில்லை. போலந்திலிருந்தே இப்போது வரும் புது அச்சுக் கிட்கள் பழையவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனால் நல்ல அச்சு என்றால் பிசகுக்கு இடம் கொடுக்காத அச்சு. பொருந்தும் முகத்தில் ஒரு பூச்சு பெயிண்ட் கூடினாலும் மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

கீழே எழுதியிருப்பது பி.11-இன் ஒரு வகையான பி.11சியை வைத்து. பி.7, பி.24 இரண்டும் அதே குடும்பம் என்பதால் பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும். தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஒன்று, இந்த விமானத்தின் இறக்கை நேர்கோடு இல்லை. ஸிக்முண்ட் புவாவ்ஸ்கி வரைந்த அந்த இறக்கை, கடற்காக்கை சிறகை வளைப்பதுபோல, விமானியின் கண்ணுக்கு முன்னால் கீழே இறங்கி உடலோடு சேரும். இரண்டு, இறக்கையிலும் வாலிலும் தகடு முழுக்க முன்னிருந்து பின்னாக ஓடும் மெல்லிய வரிமேடுகள். மற்ற கிட்களில் நாம் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் 'பட்டி பூசு, உப்புத்தாள் போடு' வேலை இங்கே செல்லாது. அவை இரண்டும் கடைசியாகத்தான் மேசைக்கு வரவேண்டும்.

## அறிகுறி: இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி அல்லது படி

என்னிடம் வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான்.

### பசை போடும் முன்பே தெரிந்தால்

கொடுத்துவைத்தவர் நீங்கள். முதலில் இறக்கையின் அடிப்பகுதியையும் உடலில் அது உட்காரும் மேடையையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தில் ஊசிமுனை அளவு பிசிறு நின்றாலும் இறக்கை தூக்கும். பிளேடால் சுரண்டி எடுங்கள். பெயிண்ட் ஏறியிருந்தால் அதையும் சுரண்டுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? காக்பிட்டை வெளியே எடுத்துவிட்டு, உடலின் இரண்டு பாதிகளையும் வெறுமனே சேர்த்து டேப் ஒட்டி, இறக்கையை வைத்துப் பாருங்கள்.

காக்பிட் இல்லாமல் சரியாக உட்கார்ந்து, காக்பிட்டை வைத்தால் உட்காரவில்லை என்றால் குற்றவாளி காக்பிட். உள்ளே குழாய்ச்சட்டம், இருக்கை, தடுப்புச்சுவர் என்று அடுக்குகிறோம். ஒவ்வொன்றிலும் பிரைமர், பெயிண்ட், வார்னிஷ். அத்தனையும் சேர்ந்து உடலை மயிரிழை அகலமாக்கிவிடும். அந்த மயிரிழையை மேலே இறக்கை காட்டிக்கொடுக்கும். தடுப்புச்சுவரின் இரு ஓரங்களையும் தேய்த்து மெலிதாக்குங்கள். வெளியே தெரியாத இடம் என்பதால் இங்கே மட்டும் உப்புத்தாளுக்குத் தாராளமாக அனுமதி.

காக்பிட் இல்லாமலும் உட்காரவில்லை என்றால் இறக்கையே முறுகியிருக்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, இரு நுனிகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா பாருங்கள். முறுகல் இருந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

### பசை காய்ந்த பிறகு தெரிந்தால்

இடைவெளி தாள் தடிமனுக்குள் இருந்தால் பட்டி வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் ஒரு கீற்று வெட்டி இடைவெளிக்குள் செருகி, மெல்லோட்டப் பசையை (நீர்போல ஓடி, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) ஒரு சொட்டு விடுங்கள். மறுநாள் பிளேடால் சீவுங்கள். அதைவிடச் சின்னதென்றால் வெள்ளைப் பசையை விரலால் தடவி, ஈரப் பஞ்சுக்குச்சியால் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும். வரிமேட்டில் கீறலே விழாது.

இடைவெளி அல்ல, ஒரு பக்கம் படியாக உயர்ந்து நிற்கிறது என்றால் தேய்க்கக் கை பரபரக்கும். தேய்க்காதீர்கள். படி இறக்கைப் பக்கம் இருந்தால் வரிகள் போய்விடும். உடல் பக்கம் வழவழப்பானது, அங்கே பட்டியை ஏற்றி மட்டம் செய்வது எளிது. தாழ்ந்த பக்கத்தை உயர்த்துங்கள், உயர்ந்த பக்கத்தைத் தொடாதீர்கள்.

கடைசி வழி பிரித்தெடுப்பது. உடனடிப் பசையால் (சூப்பர் குளூ) ஒட்டியிருந்தால் ஒரு மணி நேரம் ஃப்ரீஸரில் வையுங்கள். அந்தப் பசை குளிரில் நொறுங்கும்; லேசாக முறுக்கினால் பல சமயம் விட்டுவிடும். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை என்றால் அது ஒட்டவில்லை, பற்றவைத்திருக்கிறது. மெல்லிய ரம்பத்தால் அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. 72 அளவில் இதை நான் ஒருமுறை முயன்று இறக்கையின் பின்விளிம்பை உடைத்தேன். 32 அளவு கிட்டின் விலையை நினைத்துப்பார்த்தால், அந்தக் கட்டத்தில் கூலிக்கு மாடல் கட்டித் தரும் ஒருவரிடம் கொடுத்துவிடுவது மலிவு.

## அறிகுறி: ஒரு இறக்கை தூக்கியும் ஒன்று தாழ்ந்தும் நிற்கிறது

முதலில் மேசையைச் சந்தேகப்படுங்கள். சிரிக்க வேண்டாம், என் மூன்றாவது பி.11-இல் இரண்டு நாள் போனது மேசை சாய்வால். தடித்த கண்ணாடி அல்லது கிரானைட் துண்டின் மேல், உடலை நிமிர்த்தி இரு பக்கமும் ஒரே உயரத்தில் தீப்பெட்டி அடுக்கி நிறுத்துங்கள். இரு நுனிகளின் உயரத்தையும் ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு நூலை வாலின் நடுவில் பிடித்து இரு நுனிகளுக்கும் இழுத்துப் பாருங்கள். நீளம் சமம் என்றால் இறக்கை முன்பின்னாகத் திரும்பவில்லை.

மொத்த அகலத்தையும் ஒருதடவை அளந்துவிடுங்கள். உண்மை விமானத்தில் நுனிக்கு நுனி 10.72 மீட்டர். 72 அளவில் அது 149 மி.மீ., 48-இல் 223, 32-இல் 335. இரண்டு மி.மீ. குறைந்தால் இறக்கை இரண்டும் வேண்டிய அளவைவிட அதிகமாக மேலே வளைந்து நிற்கின்றன என்று அர்த்தம்.

### தாங்குகம்பி வளைந்து நிற்கிறதா?

ஒரு பக்கத்துக்கு இரண்டு கம்பிகள், உடலின் கீழிருந்து இறக்கையின் அடிக்குப் போகின்றன. முன்னதும் பின்னதும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. இடமும் வலமும்கூட மாறிப்போகும். சட்டத்திலிருந்து வெட்டும்போதே ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதிவிடுங்கள். எண் சரியாக இருந்தும் கம்பி வில்லாக வளைந்தால் குழிக்குள் பெயிண்ட் அடைத்திருக்கும். அதே அளவு துளைமுனையைக் கையால் சுழற்றிக் குழியைச் சுத்தம் செய்யுங்கள்.

கம்பி இறக்கையைத் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. இறக்கையை ஒட்டி ஓரிரவு விட்டு, அப்புறம் கம்பியை வைத்தால் எந்தப் பக்கம் தவறு என்று அதுவே சொல்லும். எல்லாவற்றையும் ஒரே மாலையில் ஈரப்பசையோடு நிறுத்தப் பார்ப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தக் கோணல்.

### இறக்கையே முறுகியிருந்தால்

கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி, எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் வையுங்கள். ஒரே முயற்சியில் நேராக்கப் பார்க்காமல் மூன்று நான்கு தடவையாகச் செய்யுங்கள். கொதிநீர் கூடாது, பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டி இளகிவிடும், அப்புறம் வரிமேடு எங்கே, விளிம்பு எங்கே என்று தேட வேண்டியதுதான். நாலாவது முயற்சிக்கும் திரும்பவில்லை என்றால், படம் எடுத்துக் கிட்டை விற்ற கடைக்கு அனுப்பி மாற்றுத் துண்டு கேளுங்கள். பசை படாத துண்டாக இருந்தால்தான் உங்கள் பேச்சு எடுபடும்.

## அறிகுறி: இறக்கை விளிம்பில் வரிமேடு அழிந்து மொட்டையாகிவிட்டது

யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்க மாட்டேன்.

அழிந்த பட்டை ஒரு மி.மீ.க்குள், அதுவும் முன்விளிம்பின் வளைவிலேயே இருந்தால் விட்டுவிடுங்கள். பெயிண்டுக்குப் பிறகு உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

அதைவிட அகலம் என்றால் வரிகளை மறுபடி போட வேண்டும். சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவத்தி மேல் காட்டி இளகவைத்து இழுத்தால் தலைமுடி மாதிரி நீளும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, மிச்சமிருக்கும் வரியின் நேரிலேயே படுக்கவைத்து, தூரிகை நுனியால் மெல்லோட்டப் பசையைத் தொட்டுவைக்கவும். 48 அளவில் ஒரு பக்க விளிம்புக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பிடித்தது. டெக்கால் தாளில் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுத் தாள்) இந்த வரிகளைப் புடைப்புக் கோடுகளாகவே விற்கிறார்கள். நேரம் குறைவு, செலவு அதிகம்.

உள்ளங்கை அகலத்துக்கு மேற்பரப்பில் அழிந்திருந்தால் பாடுபட வேண்டாம். இன்னொரு கிட் வாங்குவதே மலிவு. பழையதைப் பெயிண்ட் பழகும் பலகையாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தடவைக்கு ஒரு வழி: மேல், கீழ்ப் பாதிகளை ஒட்டும்போது பசை சற்றே கூடுதலாக வைத்து இறுக்கினால், இளகிய பிளாஸ்டிக் நூலிழையாக வெளியே பிதுங்கும். இரண்டு நாள் கழித்து அந்த நூலைப் பிளேடால் சீவினால் மூட்டுக்கோடும் போய்விடும், வரியும் தப்பும்.

## அறிகுறி: டெக்கால் வெள்ளி பூத்து நிற்கிறது, வரியில் படியவில்லை

சதுரங்கக் கட்டம் போன்ற போலந்து அடையாளத்தை வரிமேட்டின் மேல் ஒட்டுவது இந்த மாடலின் உச்சக்காட்சி. கீழே காற்று மாட்டிக்கொண்டால் வெயிலில் வெள்ளியாக மின்னும்.

### ஒட்டி ஒரு மணி நேரம் ஆகவில்லை என்றால்

ஈரத் தூரிகையால் மறுபடி நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, வரி ஓடும் திசையிலேயே அழுத்துங்கள். குறுக்கே தேய்த்தால் கிழியும். பிறகு மென்மையாக்கும் கரைசல் ஒரு பூச்சு. டெக்கால் உடனே சுருங்கி முதியவர் கன்னம் மாதிரி ஆகும். பயந்துபோய்த் தொடாதீர்கள், காயும்போது தானே இழுத்துக்கொண்டு படியும். கோடைக்காலத்தில் ஜன்னல் ஓரம் செய்யாதீர்கள், ஓரங்கள் முதலில் காய்ந்து நடுவில் காற்றைச் சிறைப்படுத்திவிடும்.

### காய்ந்துவிட்டது என்றால்

புதுப் பிளேடு முனையால் வரிகளின் பள்ளம் நெடுகக் குத்திக்கொண்டே போய், கரைசலை வையுங்கள். மறுநாள் பாருங்கள், மிச்சம் இருந்தால் திரும்பவும். இரண்டு மூன்று சுற்றில் பெரும்பாலும் படிந்துவிடும். படியவே இல்லை என்றால் காரணம் டெக்கால் அல்ல, அடியில் இருக்கும் சொரசொரப்பு. பளபளப்பு வார்னிஷ் அடிக்காமல் மேட் பெயிண்டின் மேலேயே ஒட்டியிருப்பீர்கள். டேப் வைத்து எடுத்துவிட்டு, வார்னிஷ் அடித்து, வேறு டெக்கால் ஒட்ட வேண்டும். 32 அளவில் நான் டெக்காலையே விட்டுவிட்டேன். மாஸ்க் (பெயிண்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் ஒட்டுத்தாள்) வெட்டி அடையாளத்தைப் பெயிண்டாகவே அடித்தேன். மாஸ்க் வெட்ட இயந்திரம் இல்லாதவர்கள் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கொடுத்தால் வெட்டித் தருவார்கள்.

### கட்டம் திரும்பியிருக்கிறதோ என்று சந்தேகமா?

நேராகப் பார்க்கும்போது மேல் இடது கட்டம் சிவப்பாக இருந்தால் சரி. இன்றைய போலந்து விமானப்படை விமானங்களில் அந்த இடத்தில் வெள்ளை இருக்கும், ஏனென்றால் 1993-இல் நிறங்களை மாற்றி வைத்தார்கள். புது ஜெட் கிட்டின் மிச்ச டெக்காலை எடுத்து 1939 விமானத்தில் ஒட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

இறக்கையின் மேல்பக்கத்தில் இரண்டு கட்டங்களும் நுனியிலிருந்து ஒரே தூரத்தில் இல்லையே என்று பதற வேண்டாம். அக்காலத்தில் வேண்டுமென்றே அப்படித்தான் ஏறுமாறாக வைத்தார்கள். வழிகாட்டித் தாளில் இருப்பதை நம்புங்கள்.

## அறிகுறி: மாஸ்கிங் டேப்பை எடுத்தால் பெயிண்ட் கசிந்திருக்கிறது

மேலே காக்கி, கீழே இளநீலம். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் டேப் வரிமேட்டின் முதுகில் மட்டும் உட்கார்ந்திருக்கும். பள்ளம் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். அழுத்தி ஒட்டினாலும் முழுதாக அடைபடாது. டேப் போட்ட பிறகு, முதலில் அடித்த நிறத்தையே டேப் ஓரத்தில் மெல்லியதாக ஒரு தடவை அடியுங்கள். கசிவதெல்லாம் அதே நிறமாகக் கசிந்து பள்ளத்தை அடைத்துவிடும். அதன் மேல் இரண்டாவது நிறம்.

ஏற்கெனவே கசிந்துவிட்டதா? பல்குத்தும் குச்சியைத் தின்னரில் தொட்டு, பள்ளம் நெடுகத் துடையுங்கள். அக்ரிலிக் என்றால் ஒரே நாளுக்குள் செய்தால் வரும்.

டேப்போடு பெயிண்டே உரிந்து வந்தால் விஷயம் வேறு. பாகங்களைக் கட்டும் முன் சோப்பு நீரில் கழுவவில்லை, அல்லது பிரைமர் அடிக்கவில்லை. உரிந்த இடத்தின் ஓரத்தை நுரைப்பஞ்சுத் தேய்ப்பானால் லேசாக மட்டம் செய்து, பிரைமரிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மூன்று இடத்தில் உரிந்தால் மொத்தத்தையும் எடுத்துவிடுவதே நல்லது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் பல அக்ரிலிக் பெயிண்ட்களைக் கரைக்கும், பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. முன் கண்ணாடியை மட்டும் அதில் நனைக்காதீர்கள்.

மழை நாளில் லாக்கர் பெயிண்ட் அடித்துச் சாம்பல் பூத்தாற்போல வெளுத்திருந்தால் அது பெயிண்டின் குற்றமல்ல, காற்றின் ஈரம். வெயில் அடிக்கும் நாளில் வெறும் தின்னரை மெல்லிய தூறலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஏர்பிரஷ் துப்பித் துப்பி அடித்தால் முனையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் கம்ப்ரஸர் அழுத்தம் ஏறி இறங்கினால் அதைத் திறக்காதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

காக்கி சரியான காக்கிதானா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. பழுப்பு தூக்கலா, பச்சை தூக்கலா என்று தெரிந்தவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். மிஞ்சியிருக்கும் ஒரே பி.11சி கிராகுவ் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதுவும் பின்னாளில் மறுபடி பெயிண்ட் கண்டது.

## அறிகுறி: எஞ்சின் மூடி உள்ளே போக மாட்டேன் என்கிறது

ஒன்பது சிலிண்டர்களில் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூடியைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். எங்கே வைத்தாலும் அதே சிலிண்டரில் இடித்தால் அந்தச் சிலிண்டரின் தலையைச் சற்றுத் தேயுங்கள். மூடியின் அதே இடம்தான் எப்போதும் இடிக்கிறது என்றால் மூடியின் உட்பக்கம் பெயிண்ட் திரண்டிருக்கிறது. அவ்வளவுதான். மூடியை அழுத்தித் தள்ளினால் பிளக்கும். பிளந்த மூடியை முன்னாலிருந்து மறைக்க வழியே இல்லை.

## அறிகுறி: முன் கண்ணாடி பனி மூடினாற்போல வெளுத்துவிட்டது

உடனடிப் பசையின் ஆவி. மேலோட்டமாக இருந்தால் பளபளப்பு வார்னிஷில் முக்கி எடுத்து, மூடிய டப்பாவில் காயவிட்டால் தெளியும். ஆழமாக இருந்தால் மாற்றுத் துண்டுதான். கண்ணாடிக்கு எப்போதும் வெள்ளைப் பசை.

பித்தளைத் தகடு பாகங்களுக்கு உடனடிப் பசை தவிர்க்க முடியாது. அவற்றை வெட்டும்போது மேலே டேப் ஒட்டிக்கொண்டு வெட்டுங்கள், இல்லையென்றால் தெறிக்கும். கண்ணில் பித்தளைத் துணுக்கு பட்டாலோ, இமையில் பசை ஒட்டிக்கொண்டாலோ கசக்காதீர்கள், பிரிக்க இழுக்காதீர்கள். மாடலை அப்படியே விட்டுவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

## அறிகுறி: நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்கிறது

இறக்கை மட்டமாக இருந்தும் மாடல் சாய்ந்தால் சக்கரக்கால்தான். பசை இறுகும் முன் மாடலைக் கண்ணாடி மேல் நிறுத்தி, பின்னாலிருந்து பாருங்கள். காய்ந்த பிறகென்றால் உயர்ந்த பக்கச் சக்கரத்தின் அடியைத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். டயர் எடை தாங்கி நசுங்கியதுபோல இயல்பாகவும் இருக்கும். கால் முறிந்திருந்தால் இரு பக்கமும் துளையிட்டு மெல்லிய பித்தளைக் கம்பி செருகுங்கள். வெறும் பசை ஒரு மாதம்கூடத் தாங்காது. பின்னால் சக்கரம் காணோமே என்று தேடாதீர்கள், இதற்கு வால் சறுக்கு மட்டும்தான்.

## அறிகுறி: கட்டி முடித்த பிறகும் பாகங்கள் மீந்திருக்கின்றன

பெரும்பாலும் இது பிழையே இல்லை. ஒரே சட்டத்தில் பல விமானங்களுக்கான மாற்றுப் பாகங்கள் வருகின்றன. மீந்தவை இறக்கைத் துப்பாக்கி சம்பந்தப்பட்டவை என்றால் முதலில் நீங்கள் எந்த விமானத்தைக் கட்டினீர்கள் என்று பாருங்கள். பி.11சியில் நான்கு துப்பாக்கி வைத்தவையும் உண்டு; பெரும்பாலானவற்றில் உடலின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டே. வழிகாட்டித் தாளில் உங்கள் விமானத்துக்கு இறக்கைத் துப்பாக்கி இல்லை என்றிருந்தால் மீந்தது நியாயம். இருக்கிறது என்றிருந்தால், இறக்கையை மூடும் முன் உட்பக்கத்திலிருந்து துளையிடச் சொன்ன வரியைத் தாண்டிவந்துவிட்டீர்கள். வெளியிலிருந்து துளையிடலாம்: வரிமேட்டில் முனை வழுக்கும் என்பதால் முதலில் ஊசியால் குழி போட்டுக்கொண்டு, துளைமுனையைக் கையாலேயே சுழற்றுங்கள். மோட்டார் வேண்டாம்.

அதற்கும் மனமில்லை என்றால் இன்னொரு வழி: அதே கிட்டில் இரண்டு துப்பாக்கி விமானத்துக்கும் டெக்கால் இருக்கிறதா என்று பாருங்கள். என் இரண்டாவது பி.11 அப்படித்தான் வேறு விமானமாக மாறியது.